மஞ்சள் தண்ணீர் குடித்த ஸ்டார்ட்டர்

என்னைத் தோளில் உட்கார வைத்துப் பால்மரக் காட்டைச் சுற்றிக் காட்டிய என் காத்தமுத்து அண்ணே,

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பூசாரி கோவிந்தன் இருந்தார். கூலியாட்களை வேலை வாங்குகிற மண்டோர் சுப்பையா இருந்தார். மஞ்சள் தண்ணீர்க் குடம் சுமந்து வந்த பாக்கியம் அக்கா, சுண்டல் கிண்டிய அவளுடைய மாமியார், தப்பு அடித்த ராசு, எல்லோரும் இருந்தார்கள். புல்டோசர் மேல் ஏறி மாலை கட்டிக்கொண்டு நீங்கள் இருந்தீர்கள். வயிற்றில் மூத்தவளைச் சுமந்துகொண்டு சாம்பிராணித் தட்டோடு நான் நின்றேன். தோட்டத்துத் துரைக்குக் கார் ஓட்டிய என் வீட்டுக்காரரும் இருந்தார். ஆமாம் அண்ணே, அவர் இருந்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு உங்கள் பக்கத்திலேயே நின்றார்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாசம் அவருக்குத் தலைத் திவசம் வந்தது. பேரப் பிள்ளைகள் பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று போட்டோவைத் தேடி எடுத்தார்கள். "பாட்டி, தாத்தாவப் பத்தி நாலு வரி சொல்லுங்க லா, நாங்க எழுதிக்கறோம்" என்றாள் சின்னவளின் மகள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பாட்டிக்கு அழுகை வருகிறது என்று அவர்களாக நினைத்துக்கொண்டு, குடும்பத்தின் விளக்கு, குணத்தின் குன்று என்று என்னென்னவோ எழுதி அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. உங்களுக்கு யார் போட்டார்கள் நினைவஞ்சலி? போடுவதற்கு உங்கள் போட்டோ ஒன்றுகூட நம்மிடம் இல்லையே?

அதனால் நானே எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எழுத்துப் பிழை இருந்தால் பத்திரிகைக்காரர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நம்முடைய தோட்டம் செமிலிங் பக்கம் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரன் கழித்துக் கட்டிய புல்டோசர் ஒன்றைத் துரை வாங்கி வந்து ஸ்டோருக்கு முன்னால் நிறுத்தினார். நாம் அதை எருமை என்றுதான் சொல்வோம். உங்களைத் தவிர வேறு யாருக்கும் அது பணியாது. ஒருநாள் உங்களுக்குச் சோறு கொண்டுவந்தபோது, அதன் வயிற்றோரம் இருந்த உருளை மாதிரி ஒரு சாமானைத் தட்டிக் காட்டினீர்கள். "இதுக்குப் பேரு ஸ்டார்ட்டர், அஞ்சலை. பொத்தானை அமுக்குனா இவன் போயி இஞ்சினைத் திருப்பி எழுப்பி விடணும். இவன் எழுப்பலன்னா எருமை நாள் பூரா தூங்கும்" என்றீர்கள். பெரிய விஷயம் ஒன்றைப் படித்துவிட்டவள் மாதிரி நானும் தலையாட்டினேன். அந்தச் சாமானை உலகத்தில் வேறு எதையும் விட நன்றாகத் தெரிந்துகொள்ளப் போகிறேன் என்று யார் கண்டது?

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசர காலம். துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்தவர்களை, பேர் சொல்லப் பயந்துகொண்டு, 'உள்ள இருக்கறவங்க' என்போம். அவர்கள் சாலையோரத்து ரப்பர் மரங்களில் மறைந்திருந்து சுடுகிறார்கள் என்று அந்த மரங்களையெல்லாம் சாய்க்கச் சொன்னது சர்க்கார். நாம் குடியிருந்த லயத்து வீடுகளைப் பிரித்து, ஒரே இடத்தில் முள்கம்பி வேலிக்குள் கட்டவும் சொன்னது. மரம் சாய்ப்பதும் நிலத்தைச் சமமாக்குவதும் எருமையின் வேலை. எருமை ஓடினால் உள்ளே இருக்கிறவர்களுக்குக் கோபம். எருமை நின்றால் வெள்ளைக்காரனுக்குச் சந்தேகம். நடுவில் மாட்டிக்கொண்டு நீங்கள்.

அந்த வருசமும் ஆயுத பூசை வந்தது. வெட்டுக்கத்தி, மண்வெட்டி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தோம். கடைசியாக எருமை. ஸ்டார்ட்டர் இருந்த இடத்தை மட்டும் நீங்கள் கோணிச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தீர்கள்.

"மேலாக்கத் தெளிச்சா போதும். இந்தப் பக்கம் மட்டும் தண்ணி போவக் கூடாது" என்றீர்கள்.

பாக்கியம் அக்கா விடுவாளா? "நான் பெத்ததுகளக்கூட இப்படிப் பொத்தி வெச்சதில்லடா காத்தமுத்து. இதுக்கு எப்ப கல்யாணம்?" என்றாள். தப்பு அடித்த ராசு அடிப்பதை விட்டுவிட்டுச் சிரித்தான்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "என்னா மச்சான், சாமி காரியத்துல கோவணம் கட்டி விட்டிருக்க? குளிப்பாட்டுனா முழுசாக் குளிப்பாட்டணும். தொரை காரை நான் எப்படிக் கழுவறேன், வந்து பாரு" என்று சொல்லிக்கொண்டே சாக்கை உருவி எறிந்தார். பாக்கியம் அக்காவின் குடத்தை வாங்கி, மஞ்சள் தண்ணீரை அப்படியே அந்த இடத்தில் கவிழ்த்தார்.

"ஐயோ மாப்பிள!" என்று மேலேயிருந்து குதித்தீர்கள். அதற்குள் பூசாரி மணியடித்துவிட்டார். நீங்கள் உங்கள் சட்டையைக் கழற்றி அந்த இடத்தைத் துடைத்தீர்கள். உடனே ஓட்டினால் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும் என்று ஏறப் போனவரைப் பூசாரி மறித்தார். பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக் கூடாது என்றார். அதுதான் வழக்கம். நீங்கள் கையைக் கீழே போட்டுவிட்டீர்கள். தங்கச்சி புருசனாச்சே என்று அவரைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

மறுநாள் காலையில் மரம் சாய்ப்பதற்குக் காவலாகப் போலீஸ் லாரி வந்தது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி இறங்கி நின்றான். நீங்கள் பொத்தானை அமுக்கினீர்கள். உறுமல் ஒன்று வந்தது, அதன் பிறகு புகை வந்தது, அவ்வளவுதான். தலைமுடி பொசுங்குகிற மாதிரி ஒரு நாற்றம்.

"தள்ளிப் பாத்தா கெளம்பாதா?" என்று கேட்டார் மண்டோர் சுப்பையா.

"தள்ளுங்க மண்டோரே. நீங்க முன்னால புடிங்க, நான் பின்னால வர்றேன்" என்றீர்கள். அந்த நேரத்திலும் உங்களுக்கு வாய் குறையவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. மலாயில்தான் பேசினான். மரம் வெட்டுகிற அன்றைக்குப் பார்த்து மெஷின் சாகிறதா, யார் சொல்லி இதைச் செய்தாய் என்று கேட்டான். சாமான் எரிந்துவிட்டது, வேறு வாங்கிப் போடுகிறேன் என்றீர்கள். சனிக்கிழமை வருவேன், எருமை ஓடவில்லை என்றால் நீ லாரியில் ஏற வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனான். லாரியில் ஏறியவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை என்பது லயத்துக் குழந்தைக்கும் தெரியும்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிச் சாரோங் துணியில் மூட்டையாகக் கட்டினீர்கள். ஆண் பிள்ளை தனியாக இரும்பு மூட்டை தூக்கிப் போனால் வழியில் சுட்டாலும் சுடுவான் என்று நானும் கூட வந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி பக்கத்தில் இருந்தால் குடும்பம் என்று விட்டுவிடுவார்கள் இல்லையா? பஸ்ஸை நிறுத்திய மாத்தாக்காரன், அதாவது போலீஸ்காரன், மூட்டையைத் துப்பாக்கி முனையால் குத்திப் பார்த்தான். காட்டுக்குப் போகிற அரிசியைத் தேடுகிறவன் அவன். உள்ளே இருந்ததைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனான்.

"வெடிக்குமா?" என்று கேட்டான்.

"வெடிச்சாலாவது பரவால்ல, துவான். அசைய மாட்டேங்குது" என்றீர்கள் மலாயில். அவன்கூடச் சிரித்துவிட்டான்.

மெர்கோங்கில் தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடுகிற சீன முதலாளி ஒருவரின் பட்டறை இருந்தது. அவர் ஸ்டார்ட்டரின் மூடியைக் கழற்றி மேசைமேல் சாய்த்தார். மஞ்சள் மஞ்சளாய்த் தண்ணீர் வழிந்தது அண்ணே. குங்குமம் கரைந்து சேறாக ஒட்டியிருந்தது. ஒரு வேப்பிலைகூட வெளியே வந்து விழுந்தது. தவுக்கே என்னையும் உங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கு என்ன காய்ச்சலா? யார் தண்ணி ஊத்துனது?" என்று மலாயில் கேட்டார். உள்ளே கம்பிச் சுருள் எரிந்துவிட்டது, புதிதாய்ச் சுற்ற வேண்டும், அந்தக் கம்பி பினாங்கிலிருந்து வர நாளாகும் என்று கையை விரித்தார்.

உங்கள் முகம் மட்டும் தெளிந்துவிட்டது. "பாத்தியா அஞ்சலை? இத அப்படியே அவன்கிட்ட காட்டிட்டா போதும். நான் ஒண்ணும் பண்ணலன்னு இதுவே சொல்லும். மாப்பிள சாட்சி இருக்காரு. தொரை அவரு பேச்சக் கேப்பாரு" என்றீர்கள். ஸ்டார்ட்டரைத் துடைக்க வந்த தவுக்கேயின் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

அங்கேயிருந்து அலோர் ஸ்டார். பழைய இரும்புக் கடை வைத்திருந்த சேகு பாய் என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார். பட்டாளத்துச் சாமான்கள் அவர் கடைக்குப் பின்னால் மலையாய்க் கிடந்தன. நீங்களும் அவரும் சட்டையெல்லாம் கிரீஸாகத் தேடினீர்கள். ஒன்று குட்டை. ஒன்றுக்குப் போல்ட் ஓட்டை பொருந்தவில்லை. கடைசியில் ஒன்று கிடைத்தது, அசல் அதே மாதிரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைதான்.

"பேட்டரில கொடுத்து ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி. பேட்டரி சார்ஜுக்குப் போயிருக்கு, அஸர் தொழுகைக்கு அப்புறம் வந்துரும்" என்றார் பாய்.

"அதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிரும் பாய். இருட்டுறதுக்குள்ள தோட்டத்து கேட்டுக்குள்ள போவலன்னா சுட்டுருவானுங்க. இவ வேற இப்படி இருக்கா" என்றீர்கள்.

ஊரடங்குக்குப் பயந்து சுற்றிப் பார்க்காமலேயே எடுத்து வந்தோம். வேறு என்ன செய்திருக்க முடியும்? சொல்லுங்கள்.

மறுநாள் மாட்டினீர்கள். அச்சாகப் பொருந்தியது. பொத்தானை அமுக்கினீர்கள். ஙொய்ங் என்று சத்தம் வந்தது, நல்ல சத்தம். ராசு கை தட்டினான். ஆனால் எருமை எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அமுக்கினீர்கள். அதே சத்தம், அதே தூக்கம். நீங்கள் இறங்கி வந்து அதைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே மண்ணில் உட்கார்ந்தீர்கள்.

"இடது பக்கமா சுத்துது அஞ்சலை. நம்ம எருமைக்கு வலது சுத்து வேணும். இது சும்மா சுத்திக்கிட்டே இருக்கும், பல்லு போயிக் கடிக்காது" என்றீர்கள்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். சுற்றினால்தான் தெரியும். சுற்றிப் பார்க்கத்தான் நமக்கு நேரம் இல்லையே.

அலோர் ஸ்டாருக்குப் போகிற ரப்பர் லாரிக்காரனிடம் அதைக் கொடுத்து, பாய்க்குச் சொல்லி அனுப்பினீர்கள். வலது சுற்று ஒன்று குவியலின் அடியில் எங்கேயோ கிடக்கிறது, தோண்டி எடுத்துச் சனிக்கிழமை லாரியிலேயே அனுப்பிவிடுகிறேன் என்று பாய் பதில் சொல்லிவிட்டிருந்தார். சனிக்கிழமை என்றால் எந்த நேரம்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

சனிக்கிழமை அதிகாரி காலையிலேயே வந்துவிட்டான். லாரி வரவில்லை. துரையும் வந்து நின்றார். லயமே கூடிவிட்டது. நீங்கள் எரிந்த ஸ்டார்ட்டரை அவன் காலடியில் வைத்து, மஞ்சள் கறையைக் காட்டி, உங்களுக்குத் தெரிந்த மலாயில் பூசையைச் சொன்னீர்கள். அவனுக்கு அது விளங்கவில்லை. மெஷினுக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்றான். ஊற்றியது நீதானே என்றான்.

நீங்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்கள். கூட்டமும் அவரைப் பார்த்தது. "நீ அந்தப் பூசையில் இருந்தாயா?" என்று துரையே அவரைக் கேட்டார்.

"இல்ல, துவான். நான் பங்களாவுல கார் கழுவிக்கிட்டு இருந்தேன்."

மலாயில் சொன்னார். ஒரு இருமல்கூட இல்லாமல் சொன்னார்.

பூசாரி மண்ணைப் பார்த்தார். மண்டோர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். நான்தான் வாயும் வயிறுமாக முன்னால் ஓடினேன். "இருந்தாரு! சாக்க உருவுனது அவரு, குடத்தக் கவுத்தது அவரு! எங்கண்ணன் வேணாம் வேணாம்னுதான் சொன்னாரு!" என்று தமிழில் கத்தினேன். கலவரத்தில் வந்த மலாயும் வாயைவிட்டுப் போய்விட்டது. அவள் என்ன சொல்கிறாள் என்று அதிகாரி கேட்டான். யாரைக் கேட்டான் தெரியுமா? அவரைத்தான் கேட்டான். பக்கத்தில் நின்றவர்களில் தமிழ், மலாய், கொஞ்சம் இங்கிலீஷ் எல்லாம் தெரிந்தவர் அவர்தான்.

அவர் என் தோளைப் பிடித்தார், ரொம்பப் பிரியமாகப் பிடிக்கிற மாதிரி. "என் பொண்டாட்டி, துவான். மாசமா இருக்கா. பயத்துல ஏதோ உளறுறா" என்றார்.

எனக்கும் மலாய் புரியும் என்பதை மறந்துவிட்டார் போல. இல்லை, மறக்கவில்லையோ?

அதிகாரி என் வயிற்றைப் பார்த்துத் தலையை ஆட்டினான். உங்களை ஏறச் சொன்னார்கள். நீங்கள் திமிறவில்லை. ஏறும்போது அவரைத் திட்டவும் இல்லை. "தங்கச்சியப் பாத்துக்க மாப்பிள" என்றீர்கள். ஏன் அண்ணே அப்படிச் சொன்னீர்கள்? அவர் முகத்தில் காறித் துப்பியிருந்தால் இத்தனை வருசத்தில் எனக்குக் கொஞ்சமாவது ஆறியிருக்குமே.

அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் ரப்பர் லாரி வந்தது. பாய் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். வலது சுற்று ஸ்டார்ட்டர், சாக்கில் பத்திரமாகச் சுற்றியிருந்தது. வேறு தோட்டத்திலிருந்து ஆள் வந்து மாட்டினான். முதல் அமுக்கிலேயே எருமை எழுந்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் லயத்துக்குள் காதைப் பொத்திக்கொண்டேன். எருமை ஓடிய பிறகாவது உங்களை விட்டுவிடுவார்கள் என்று துரை பங்களா வாசலில் போய் நின்றேன். துரையம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

எருமை சமப்படுத்திய மண்ணில்தான் புது லயம் எழும்பியது. வேலிக்குள்தான் மூத்தவள் பிறந்தாள். உங்களைத் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு, பிறகு கப்பலில் ஏற்றினார்கள். ஊருக்கு அனுப்புகிறார்கள் என்றார்கள். எந்த ஊருக்கு? நீங்கள் பிறந்தது செமிலிங்கில்தானே? நாகப்பட்டணத்திலிருந்து ஒரு கார்டு வந்தது. வெயில் ஜாஸ்தி, பேச்சு வேறு மாதிரி இருக்கிறது, லாரிப் பட்டறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன், எருமை ஓடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்து வந்த கார்டு உங்கள் கையெழுத்தில் இல்லை. காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்று பட்டறைக்காரர் எழுதியிருந்தார். கொள்ளி யார் வைத்தார்கள் என்று அதில் இல்லை.

அவரோடு வாழ்ந்தேன். வேறு எங்கே போவது? அப்பா அம்மா இல்லை, அண்ணனும் இல்லை. பிள்ளைகளுக்கு நல்ல அப்பாதான், அதையும் எழுதத்தான் வேண்டும். என்மேல் கை வைத்ததில்லை. ஒரே ஒரு தடவை, சின்னவள் கல்யாணத்துக்கு மறுநாள், அவராகவே வாயைத் திறந்தார். "நான்தான் ஊத்துனேன்னு சொல்லியிருந்தா என்னையும் ஏத்தியிருப்பான். உனக்கும் புள்ளைக்கும் யாரு சோறு போட்டிருப்பா?" என்று கேட்டார். பயந்தார் என்றால் நானும் புரிந்துகொள்வேன். பூசாரியும் பாக்கியம் அக்காவும் பயந்ததை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த வெள்ளைக்காரனுக்கு நம் வழக்கம் தெரியாது. சேகு பாய் மேல் ஒரு துளி குறையும் இல்லை. ஆனால் நான் உண்மையைக் கத்தியபோது, என் வயிற்றைக் காட்டி அதைப் பொய்யாக்கினாரே, அது என்ன பயம் அண்ணே?

அந்த எரிந்த ஸ்டார்ட்டரை அதிகாரி காலால் தள்ளிவிட்டுப் போனான். நான் தூக்கி வந்துவிட்டேன். எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் அதை வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். அவர் சாகிற வரைக்கும் தினமும் அதைத் தாண்டித்தான் சாப்பிட வந்தார். எடுத்துப் போடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது மெர்கோங்கில் சின்னவள் வீட்டில் இருக்கிறேன். தவுக்கேயின் பட்டறை இருந்த வரிசையில் கைப்பேசி விற்கிறார்கள். பேரன் ஸ்டார்ட்டரில் காலை இடித்துக்கொண்டு, "பாட்டி, இந்த பெசியைப் பழைய இரும்புக்குப் போட்டுரலாம் லா" என்கிறான். பெசி என்றால் இரும்புதான், மலாயில். மூடி இடுக்கில் இன்னும் மஞ்சள் இருக்கிறது. அவனுக்கு அது துருவாகத் தெரிகிறது.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கும்வரை அது வாசலை விட்டு நகராது. வருகிற ஆயுத பூசைக்குப் பேரன் காரைக் கழுவக் குடத்தோடு வரும்போது, அவனை அதன் முன்னால் உட்கார வைத்து உங்கள் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொல்வேன். இத்தனை நாள் பிள்ளைகளிடம் சொல்லாததை அவனிடம் சொல்வேன்.

இன்னொன்றும் அண்ணே. கட்டியவன் பேரை வாயால் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்தாளே, அதை நான் மீறியதே இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைச் சொல்லச் சொல்வேன். முருகனைக்கூட அந்தப் பேரால் கூப்பிடாமல் இருந்தேன். இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு அங்கே இருந்தவர், சாக்கை உருவியவர், குடத்தைக் கவிழ்த்தவர், நான் மன்னிக்காத ஒரே ஆள்: சண்முகம்.

உங்கள் கூடப் பிறந்தவள்,
முனியன் மகள் அஞ்சலை